பட்டறையில் கற்றுக்கொள்ளும் பழக்கம் வர ஐந்து வழிகள்: எதில் பணத்தைப் போடுவது?

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் நாற்பது பேரிலிருந்து இருநூறு பேர் வரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர்கள் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள். "வருஷத்துக்கு இரண்டு மூன்று லட்சம் ட்ரெய்னிங்குக்கு ஒதுக்கலாம் என்றிருக்கிறேன். ஆளை வெளியே வகுப்புக்கு அனுப்பட்டுமா, ஆன்லைன் கோர்ஸ் வாங்கட்டுமா, இல்லை அந்தப் பணத்துக்கு நாலு அப்ரண்டிஸ் பையன்களை எடுக்கட்டுமா?" பெரிய கம்பெனியில் இதைப் பார்க்கத் தனித் துறையே இருக்கும். இங்கே முதலாளியும் ஒரு ஹெச்ஆர் பெண்ணும் புரொடக்‌ஷன் மேனேஜரும் சேர்ந்து ஒரு மதிய நேரத்தில் முடிவெடுத்துவிடுவார்கள். எடுத்த முடிவை அடுத்த மார்ச் வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பம்ப் பாகங்கள், வால்வு, டெக்ஸ்டைல் மெஷின் உதிரிகள் செய்யும் எண்பது பேர் கொண்ட ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) பட்டறையை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து வழிகளை ஒப்பிடுகிறேன். ஃபவுண்டரிக்கும் வைண்டிங் பிரிவுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

## எதை வைத்து அளப்பது

வழிகளுக்குள் போகுமுன் அளவுகோலை முடிவு செய்துகொள்வோம். நான் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன்.

மெஷினில் தெரிகிறதா? பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து ரிஜெக்‌ஷன், ரீவொர்க், செட்டிங் நேரம் இவற்றில் ஏதாவது ஒன்று அசைந்திருக்க வேண்டும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959-லேயே பயிற்சியை நாலு நிலையில் அளக்கச் சொல்லிவிட்டார்: ஆளுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் செய்கிறாரா, தொழிலுக்குப் பலன் வந்ததா. நம் ஊரில் முதல் நிலைக்கு மட்டும் ஃபீட்பேக் ஃபாரம் கொடுத்து, ஐந்துக்கு நாலரை வந்தது என்று ஃபைல் போட்டுவிடுகிறோம்.

மறைந்த செலவு எவ்வளவு? பில்லில் வராத செலவைச் சொல்கிறேன். நின்ற மெஷின், ஷிப்ட் மாற்றிப் போட்ட குழப்பம், பாடம் எடுக்க உட்கார்ந்த சூப்பர்வைசரின் நேரம்.

யாருக்குப் போய்ச் சேர்கிறது? இன்று கோவைப் பட்டறைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் இல்லாத ஷிப்ட் அபூர்வம். தமிழ் ஆபரேட்டர்களிலும் ஆங்கில ஸ்லைடைப் பார்த்துத் தலையாட்டுபவர்கள்தான் அதிகம். ஸ்டாஃபுக்கு மட்டும் போய்ச் சேரும் பயிற்சியை வைத்துப் பட்டறை மாறாது.

ஆள் போனாலும் நிற்குமா? கற்றவர் அடுத்த மாதம் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டால் மிச்சம் என்ன?

தப்பைச் சொல்ல வைக்கிறதா? எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இது. ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தார். நன்றாக நடக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனவருக்கு நேர்மாறான கணக்கு கிடைத்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே தவறு கூடுதலாக நடந்தது என்று அவர் முடிவு கட்டவில்லை. அங்கே வெளியே சொல்ல முடிந்தது, மற்ற இடத்தில் மறைத்தார்கள். பட்டறையிலும் அதே கதைதான். மாசக் கடைசியில் ஸ்க்ராப் தொட்டிக்கு அடியில் கிடக்கும் ஜாப்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

## ஒன்று: வெளிப் பயிற்சி வகுப்பு

ஆளை அனுப்புவது அல்லது ஒரு ட்ரெய்னரை வரவழைப்பது. கோவைக்காரர்களுக்கு இதில் குறையே இல்லை. பிஎஸ்ஜி இருக்கிறது, பம்ப் மோட்டார் சோதனைக்குப் பேர் போன சிட்டார்க் இருக்கிறது, தொழிற்பயிற்சி நிலையமான ஜிடிடிஐ இருக்கிறது. பிளாஸ்டிக் மோல்டிங் என்றால் கிண்டி சிப்பெட். ஆங்காங்கே தனியாக ஃபைவ் எஸ் (வேலை இடத்தை ஒழுங்காக வைக்கும் முறை), கைசன் (சின்னச் சின்னதாகத் தொடர்ந்து மேம்படுத்துவது) சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு.

ஃபீஸ்தான் செலவு என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்ரெய்னருக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேர் ஒரு நாள் உட்கார்கிறார்கள். ஆளுக்கு 700 ரூபாய் கூலி என்றால் 14,000. அவர்களில் பத்துப் பேர் மெஷின் ஓட்டுபவர்கள், மெஷினின் மணிக்கட்டணம் 450 ரூபாய் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 36,000. ஆக 75,000 ரூபாயில் பில்லாக வந்தது மூன்றில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கு தெரிந்ததால்தான் பல பட்டறைகளில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்கிறார்கள். அதற்கு வேறு விலை உண்டு. வாரம் முழுக்க இரண்டு ஷிப்ட் பார்த்தவன் ஞாயிறு காலை வந்து உட்கார்ந்தால் எதைக் கேட்பான்?

அடுத்தது மறதி. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்தார். ஒரு நாளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தொழில் பாடம் பொருளற்ற அசை இல்லைதான், கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஆனால் மறுநாளே கை வைத்துச் செய்து பார்க்காத எதுவும் நிற்காது என்பதில் மாற்றமில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு, திங்கட்கிழமை அவசர டெஸ்பாட்ச் என்றால் பணம் போச்சு.

வரும் ட்ரெய்னர்களில் பலர் முதல் ஸ்லைடிலேயே "70-20-10" என்று போடுவார்கள். கற்பதில் எழுபது சதவீதம் வேலையில், இருபது பிறரிடமிருந்து, பத்துதான் வகுப்பில் என்று. 1980-களில் அமெரிக்காவில் பெரிய அதிகாரிகளிடம் "உங்களுக்கு எது பாடமாக அமைந்தது" என்று கேட்டு, அவர்கள் நினைவிலிருந்து சொன்னதை உருண்டை எண்ணாக்கிய கணக்கு அது. லேத் ஓட்டுபவரை யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கை நம்பினால்கூட, தொண்ணூறு சதவீதம் வெளியே நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே பத்துக்குக் காசு வாங்குகிறார்கள் என்பது வேடிக்கை.

சரி, அப்படியானால் வெளி வகுப்பே வேண்டாமா? வேண்டும், பட்டறைக்குள் ஒருத்தருக்கும் தெரியாத விஷயத்துக்கு. கஸ்டமர் டிராயிங்கில் புதிதாக ஜியோமெட்ரிக் டாலரன்ஸ் (வடிவம், நிலை எவ்வளவு விலகலாம் என்ற குறிப்பு) வருகிறது, மெஷினைக் கட்டுப்படுத்தும் பிஎல்சியில் கோளாறு பார்க்க ஆளில்லை, அளவுக் கருவிகளின் காலிப்ரேஷனை (அவை சரியாகக் காட்டுகின்றனவா என்ற சோதனையை) உள்ளேயே செய்யப் போகிறீர்கள் என்றால் அனுப்பித்தான் ஆக வேண்டும். இருபது பேர் தேவையில்லை, இரண்டு பேர் போதும். திரும்பி வந்த வாரமே அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்.

காசு கொடுக்காமலே கிடைக்கும் ஒரு வகுப்பை நம் ஆட்கள் வீணடிப்பதையும் சொல்ல வேண்டும். புது விஎம்சி (செங்குத்தாக வெட்டும் சிஎன்சி மெஷின்) வாங்கினால் சப்ளையர் கம்பெனியின் அப்ளிகேஷன் இன்ஜினியர் சில நாள் வந்து இருப்பார். அவரை நம் ஜாபை ஓட்டிக்காட்டச் சொல்லி முழு நேரத்தையும் தீர்த்துவிடுகிறோம். அவர் பக்கத்தில் நிற்க வேண்டிய செட்டர் (மெஷினை ஜாபுக்குத் தயார் செய்பவர்) அப்போது வேறு மெஷினில் அவசர வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

## இரண்டு: ஆன்லைன் கோர்ஸ்

தலைக்கு இவ்வளவு என்று வருஷச் சந்தா கட்டினால் ஆயிரக்கணக்கில் வீடியோ. டேஷ்போர்டு பார்க்க அழகாக இருக்கும். ஹெச்ஆர் கையில் ஒரு எண்ணும் கிடைக்கும்.

எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய ஆன்லைன் வகுப்புகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019-ல் வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் கடைசி வரை போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். சான்றிதழுக்காகத் தங்கள் கையிலிருந்து பணம் கட்டியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் முடித்தார்கள். பணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. கம்பெனி மொத்தமாகக் கட்டிய சந்தா யாருடைய பணமும் இல்லை.

பட்டறைத் தளத்தில் இன்னொரு முரண்பாடும் உண்டு. மெஷின் பக்கத்தில் செல்போன் எடுக்கக் கூடாது என்று நாமே போர்டு மாட்டியிருக்கிறோம், சரியான காரணத்துக்காகத்தான். அப்புறம் எப்போது பார்ப்பது? டீ இடைவேளையிலா, ஹாஸ்டலில் பத்து மணிக்கா?

ஆர்வமுள்ள ஆபரேட்டர்கள் ஏற்கெனவே யூட்யூபில் தமிழிலும் இந்தியிலும் சிஎன்சி புரோகிராம் வீடியோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், இலவசமாக. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முதலாளி குறைவு. "போன வாரம் எதைப் பார்த்தாய், நம் மெஷினில் செய்து பார்க்கலாமா" என்று ஒரு கேள்வி கேட்டாலே சந்தாவைவிடக் கூடுதல் பலன் வரும்.

இந்த வழி நன்றாக வேலை செய்வது டேபிளில் உட்கார்ந்து பார்க்கும் ஆட்களுக்கு. டிசைன், கேம் (CAM, மெஷினுக்கான புரோகிராமைக் கம்ப்யூட்டரில் தயாரிப்பது) புரோகிராமிங், கொள்முதல், கணக்கு, எக்செல். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல்லில் உற்பத்திப் பொறியியல் பாடங்கள் நிறைய இருக்கின்றன. படிக்கக் காசில்லை, தேர்வுக்கு மட்டும் கட்டணம். டிப்ளமோ முடித்த இன்ஜினியர் ஒருவர் பாடத்தைத் தேர்ந்தெடுத்து, தேர்வு எழுதிப் பாஸ் ஆனால் கட்டணத்தைக் கம்பெனி திருப்பித் தரும் என்று வைத்துப் பாருங்கள். மொத்தச் சந்தாவின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும்.

## மூன்று: உள்ளே இருப்பவர் கற்றுக்கொடுப்பது, ஆனால் முறையோடு

"அதுதான் தினமும் நடக்கிறதே" என்பார்கள். நடப்பது என்ன? புதுப் பையனை மூத்த ஆபரேட்டர் பக்கத்தில் நிறுத்தி, "அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவது. அது கற்றுக்கொடுத்தல் ஆகாது.

முறை என்று நான் சொல்வதற்குப் பழைய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தேர்ந்த ஆட்கள் படைக்குப் போய்விட, தொழிலே தெரியாதவர்களும் பெண்களும் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். 1940-ல் தொடங்கி 1945 வரை நடந்த டிடபிள்யூஐ (Training Within Industry, தொழிற்சாலைக்குள் பயிற்சி) என்ற அரசுத் திட்டம் தொழிலாளிகளுக்கு நேரடியாகப் பாடம் எடுக்கவில்லை. சூப்பர்வைசர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கற்றுக்கொடுத்தது. ஐந்து அமர்வு, அமர்வுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் பத்து மணி நேரம். பதினாறு லட்சம் பேருக்கு மேல் இந்தப் பயிற்சிகளில் தேறினார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா அதை மறந்துவிட்டது. ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள், டொயோட்டா 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டு விடாமல் பிடித்துக்கொண்டது.

படிகள் நாலுதான். கற்பவரின் பயத்தைப் போக்கித் தயார் செய்வது. செய்து காட்டுவது. அவரைச் செய்ய வைத்து, செய்துகொண்டே சொல்லவும் வைப்பது. தனியாக விட்டுவிட்டு அவ்வப்போது போய்ப் பார்ப்பது. இதற்கு முன்னால் கற்றுக்கொடுப்பவர் வேலையை ஒரு தாளில் பிரித்து எழுத வேண்டும்: படி என்ன, அந்தப் படியில் கவனிக்க வேண்டிய இடம் எது, ஏன். உயிர் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மெல்லிய சுவருள்ள ஒரு பம்ப் பாகத்தை மூன்று ஜா சக்கில் (மூன்று தாடையால் இறுக்கும் பிடிப்பானில்) பிடித்து உள்ளே போர் (துளை) அடிக்கிறார்கள். மெஷினிலேயே வைத்து அளந்தால் சைஸ் சரியாக இருக்கும். கழற்றி அளந்தால் ஓவல். "அண்ணே, இப்பத்தானே கரெக்டா இருந்துச்சு?" என்பான் பையன். சக் அழுத்தத்தில் பாகம் நசுங்கிய நிலையில் வட்டமாக வெட்டியிருக்கிறான். விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டது. மூத்த ஆபரேட்டர் ஃபினிஷ் கட்டுக்கு முன்னால் ஹைட்ராலிக் பிரஷரைக் குறைத்துக்கொள்வார், சாஃப்ட் ஜா போடுவார், கழற்றிய பிறகு அளப்பார். கேட்டால் "அது பழக்கத்துல வரும்" என்பார். தாளில் அது மூன்று வரி. படி: ஃபினிஷ் கட்டுக்கு முன் நிறுத்து. கவனிக்க வேண்டியது: பிரஷரைக் குறை, கழற்றி அளந்து பார். ஏன்: இறுக்கிப் பிடித்தால் பாகம் வளையும், விட்டதும் ஓவலாகும். அந்த மூன்றாவது வரி இல்லாமல் கற்றவன் வேறு பாகம் வந்தால் மறுபடி மாட்டுவான்.

இதன் மறைந்த செலவு எழுத உட்காரும் நேரம். ஒரு வேலைக்குத் தாள் தயாராக ஃபோர்மேனும் ஆபரேட்டரும் சேர்ந்து உட்கார வேண்டும். முதலில் எழுதுவது எப்போதும் தேவைக்கு மேல் நீளமாக இருக்கும், திருத்த வேண்டும். கற்றுக்கொடுக்கும் நாட்களில் அந்த மெஷினின் உற்பத்தி குறையும். "இந்த ஷிப்ட் இவர் டார்கெட்டில் இவ்வளவு குறைத்துக்கொள்" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் எழுத்தில் சொல்லாவிட்டால் ஒருத்தரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். இன்சென்டிவ் உற்பத்தி எண்ணிக்கையில் மட்டும் இருக்கும் பட்டறையில், கற்றுக்கொடுப்பவர் தன் சம்பளத்தைக் கொடுத்துத்தான் கற்றுக்கொடுக்கிறார்.

அப்புறம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத தடை. மூத்தவர்கள் வேண்டுமென்றே மறைப்பார்கள். ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) போடும்போது திரையை உடம்பால் மறைத்துக்கொள்ளும் செட்டரை எல்லாப் பட்டறையிலும் பார்க்கலாம். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஐம்பது வயதில் அவருடைய சம்பளத்துக்கு ஒரே காப்பு அந்த ரகசியம்தான். பையன் கற்றுக்கொண்டால் பாதிச் சம்பளத்தில் ஆள் கிடைத்துவிட்டது என்று நாம் நினைப்போம் என்று அவருக்குத் தெரியும், சில இடங்களில் நடந்தும் இருக்கிறது. போஸ்டர் ஒட்டி இதை மாற்ற முடியாது. சம்பளத்தில் கை வைத்தால்தான் மாறும்.

பல கம்பெனிகளில் சுவரில் திறன் அட்டவணை மாட்டியிருப்பார்கள், பெயருக்கு நேரே நாலு காலாகப் பிரித்த வட்டம். ஒரு கால் நிரம்பினால் கற்கிறார், இரண்டு என்றால் மேற்பார்வையில் செய்வார், மூன்று என்றால் தனியாகச் செய்வார், நாலும் நிரம்பினால் மற்றவருக்குக் கற்றுக்கொடுப்பார். ஆடிட்டருக்குக் காட்ட நிரப்பிவைப்பதுதான் வழக்கம். அந்த நாலாவது காலுக்கு மாதம் ஒரு தொகை அலவன்ஸ் என்று அறிவித்துப் பாருங்கள். ரகசியம் வைத்திருப்பதைவிடச் சொல்லிக்கொடுப்பதில் வருமானம் என்று ஆன பிறகு திரையை மறைக்க அவசியமில்லை. உங்கள் இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி இங்கே போகட்டும் என்பேன்.

## நாலு: குவாலிட்டி சர்க்கிள், கைசன்

ஐந்திலிருந்து எட்டுப் பேர், வாரம் ஒரு மணி நேரம், தங்கள் வேலையிலேயே ஒரு தொல்லையை எடுத்து அலசித் தீர்ப்பது. ஜப்பானில் கவோரு இஷிகாவாவின் முயற்சியில் 1962-ல் தொடங்கியது. இந்தியாவில் முதலில் 1980-ல் ஹைதராபாத் பெல் (பிஹெச்இஎல்) தொழிற்சாலையில் வந்தது. 1982-ல் இதற்கென்றே க்யூசிஎஃப்ஐ (Quality Circle Forum of India) அமைப்பு உருவானது. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1998-ல் தரத்துக்கு ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கியபோது, ஊழியர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு தரத்தை உயர்த்துவது நம் பக்கமும் முடியும் என்று தெரிந்தது.

தப்பைச் சொல்ல வைக்கும் அளவுகோலில் ஐந்து வழிகளில் முதலிடம் இதற்குத்தான். ரிஜெக்‌ஷனை யார் போட்டார்கள் என்ற கேள்வி மாறி, ஏன் வந்தது என்று மீன்முள் படம் (காரணங்களைக் கிளை கிளையாகப் பிரிக்கும் படம்) போடத் தொடங்கும்போது பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஆனால் இது தானாக ஓடாது. சர்க்கிள் கேட்கும் சின்னச் செலவுகளுக்கு, ஒரு ஃபிக்ஸ்சர், ஒரு டயல் கேஜ், ஒரு லைட் போன்றவற்றுக்கு, உடனே சரி என்று சொல்லும் அதிகாரம் கொண்ட ஆள் இருக்க வேண்டும். யோசனைப் பெட்டியில் போட்ட சீட்டுக்கு ஒரு மாதமாகப் பதில் இல்லை என்றால் அடுத்த சீட்டு விழாது. முடியாது என்றால்கூட ஏன் முடியாது என்று அந்த வாரமே சொல்லிவிடலாம்.

இன்னொரு ஆபத்து போட்டி. கன்வென்ஷனுக்குப் போய் மெடல் வாங்குவதற்காக ஃபைலை அலங்கரிப்பார்கள். தீர்ந்துபோன பிரச்சினைக்குப் பின்னாலிருந்து கதை எழுதுவார்கள். ஒரு முறை அப்படிப் போய்வந்த குழு நிஜப் பிரச்சினையைத் தொடாது. மொழியும் தடைதான். தமிழில் நடக்கும் கூட்டத்தில் ஒடியாப் பையன் மூலையில் உட்கார்ந்திருப்பான், அவன் மெஷினில்தான் பிரச்சினையே இருக்கும்.

## ஐந்து: அப்ரண்டிஸ்

இதைப் பலர் தெரிவு என்று நினைக்கிறார்கள். முப்பது பேர் இருந்தாலே இது சட்டம். 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி, முப்பது அல்லது அதற்கு மேல் ஆள் உள்ள நிறுவனம் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். எண்பது பேர் என்றால் இரண்டு முதல் பன்னிரண்டு பேர். 2016-ல் வந்த நாப்ஸ் (தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்பு) திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது.

காகிதத்தில் பார்த்தால் மலிவு. அந்த மலிவுதான் இதைக் கெடுக்கிறது. பையனை வந்த நாளிலிருந்து டீபர்ரிங் (பிசிறு நீக்கும்) பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்தவனை எடுப்பவர்களைத் தெரியும். அவனும் ஊரில் போய் அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்லுவான். அடுத்த வருஷம் ஐடிஐயிலிருந்து நல்ல பையன்கள் வர மாட்டார்கள், ஏன் என்று நமக்குத் தெரியவும் வராது.

ஒழுங்காகச் செய்தால் பையன் கற்பது பாதிதான். மற்றப் பாதி, அவனால் உள்ளே இருப்பவர்கள் கற்றுக்கொடுக்க நேர்வது. வெகுளியாக "ஏன் அண்ணே இப்படிப் பண்றீங்க?" என்று கேட்க அவனுக்குத்தான் முடியும், பத்து வருஷ ஆபரேட்டர் கேட்டால் மரியாதை போய்விடும். ஆனால் மூன்றாவது வழியின் தாள்களும் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆட்களும் இல்லாமல் அப்ரண்டிஸ் எடுப்பது பையனின் ஒரு வருஷத்தை வீணடிப்பது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | பில்லில் வரும் செலவு | வராத செலவு | மெஷினில் தெரிய | ஆள் போனால் மிச்சம் | தப்பைச் சொல்ல வைக்குமா |
|---|---|---|---|---|---|
| வெளி வகுப்பு | அதிகம் | நின்ற மெஷின், மறதி | தொடர்ந்து செய்தால் மட்டும் | ஒன்றுமில்லை | இல்லை |
| ஆன்லைன் | நடுத்தரம் | பயன்படாத சந்தா | டேபிள் வேலையில் மட்டும் | ஒன்றுமில்லை | இல்லை |
| உள்ளே, முறையோடு | குறைவு. அலவன்ஸ்தான் முக்கியச் செலவு | எழுதும் நேரம், குறையும் டார்கெட் | சில வாரங்களில் | தாள் இருக்கும் | ஓரளவு |
| குவாலிட்டி சர்க்கிள் | குறைவு | மேலே இருப்பவரின் கவனம் | மெதுவாக | மாற்றிய முறை இருக்கும் | நன்றாகவே |
| அப்ரண்டிஸ் | உதவித்தொகை | மேற்பார்வை, அரசு போர்ட்டலில் பதிவு வேலை | ஒரு வருஷம் ஆகும் | தங்கினால் ஆளே மிச்சம் | கேள்வி கேட்க வைக்கும் |

## யாருக்கு எது

ரிஜெக்‌ஷன் அதிகம், ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மூன்றாவது வழியில் தொடங்குங்கள். தாளில் இந்தியிலும் இரண்டு வரி சேர்த்து, செல்போனில் எடுத்த படம் இரண்டு ஒட்டினால் ஒடிசா பையனுக்கும் போய்ச் சேரும்.

ஆட்கள் பல வருஷமாக அப்படியே இருக்கிறார்கள், வேலை தெரிந்தவர்கள், ஆனால் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் குவாலிட்டி சர்க்கிள். அங்கே கற்றுக்கொடுக்கப் புதிதாக ஒன்றுமில்லை, பேச வைப்பதுதான் பாக்கி. ஆனால் முதலாளியோ மேனேஜரோ எடுத்ததற்கெல்லாம் கத்துகிறவர் என்றால் சர்க்கிளுக்கு ஆகும் டீச் செலவுகூட வீண்.

புதுக் கஸ்டமர், புது டிராயிங், புது மெஷின் என்றால் வெளி வகுப்பு, இரண்டே பேருக்கு. டிசைன் ஆபீஸ் தனியாக வைத்திருப்பவர்கள் அவர்களுக்கு மட்டும் ஆன்லைன். முப்பது பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் அப்ரண்டிஸ் எப்படியும் எடுத்தாக வேண்டும். குறைந்தபட்ச எண்ணிக்கையில் தொடங்கி, கற்றுக்கொடுக்கும் ஆட்கள் கூடக்கூட ஏற்றிக்கொள்ளலாம்.

"கற்றுக்கொடுத்தால் பக்கத்துப் பட்டறைக்காரன் 2,000 ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டு போய்விடுவானே, பாண்ட் எழுதி வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் பார்த்து உற்சாகப்பட வேண்டாம். அது வங்கியின் மேலாளர் நிலைப் பதவி, பெரிய செலவில் நடந்த ஆள் தேர்வு. மாதம் இருபதாயிரம் வாங்கும் டர்னரைக் கோர்ட்டுக்கு இழுத்தால் வக்கீல் ஃபீஸுக்கே போதாது. பாண்ட் போட்ட இடம் என்று தெரிந்தால் நல்ல ஆள் உள்ளே வருவதும் நின்றுவிடும். அதைவிட, திறன் அட்டவணையில் மூன்றாவது கால் நிரம்பிய அன்றே கூலியைச் சந்தை நிலவரத்துக்கு ஏற்றிவிடுவது மலிவு. ஏற்றாமல் இருந்துவிட்டு, கற்றவன் போய்விட்டான் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எந்த வேலைக்கு முதலில் தாள் எழுதுவது என்று கேட்டால், ஹெச்ஆர் லீவு ரெஜிஸ்டரை எடுத்துப் பார்க்கட்டும். போன பொங்கலுக்கு யார் ஊருக்குப் போனபோது எந்த மெஷின் நின்றது என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேட்டால் மூன்று நாலு பெயர் உடனே வரும். அந்த மூன்று நாலு பேரையும் கூப்பிட்டு அலவன்ஸ் தொகையை முதலில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் தாளைக் கையில் கொடுங்கள். வரிசை மாறினால் வேலை நடக்காது.